திரும்பி வந்த நாற்பது தாள்கள்

ஹாம்பர்க் நகரத்து ப்ரோக்ஹாஃப் ஐயாவுக்கு,
நேபாளத்து மியாக்தி மலையிலிருந்து
நந்தகலி பைஜா எழுதுவது.
காகிதக் கூட்டுறவின் கணக்குப்பிள்ளை நான்தான்.
மன்னிப்புக் கடிதம் எழுதும் வேலையும் எனக்கே.

நாற்பது தாளும் வந்து சேர்ந்தன.
விமானத்தில் போனவை, விமானத்தில் திரும்பின.
எங்களில் ஒருத்தியும் இன்னும் ஏறாத விமானம்.
மூன்று சுற்று பிளாஸ்டிக்.
அதன்மேல் ஒட்டிய பச்சை வில்லையில்
'பூமிக்கு நோகாத காகிதம்'.
குமிழ்களைப் பிள்ளைகள் உடைத்துத் தீர்த்தார்கள்.
மிச்சத்தைச் சாம்பல் மூட்டைக்குப் போர்த்தினோம்.
மழைக்கு நல்லது. நன்றி.

பன்னிரண்டாம் தாளின் மூலையில்
பென்சிலால் வட்டம் போட்டிருந்தீர்கள்.
வட்டத்துக்குள் ஒரு முடி.
பக்கத்தில் கேள்விக்குறி,
எங்கள் ஆறு பேரையும் மாட்டித் தூக்குகிற
கொக்கி மாதிரி.

அதற்கு வருமுன்
உங்கள் விளம்பர அட்டையில் இல்லாத சிலதைச் சொல்லிவிடுகிறேன்.
லோக்தாச் செடிக்குச் சாவில்லை என்று அச்சிட்டிருக்கிறீர்கள்.
ஒரு சாண் விட்டு வெட்டினால் சாவில்லை.
அவசரக்காரன் வேரோடு பிடுங்கினால்
செத்துத்தான் போகும்.
நிலம் நடுங்கிய வருடம் நாங்கள் வெட்டிய சரிவு
ஆறு வருடம் முகம் கொடுக்கவில்லை.
பட்டையை அவிக்க விறகு வேண்டும்;
அது வேறொரு மரம்.
சாம்பல் போதாமல் ஒரு தடவை
காஸ்டிக் சோடா வாங்கினோம்.
வெள்ளை வெளேரென்று வந்தது தாள்.
ஓடைத் தவளைகள் மூன்று இரவு வாய் திறக்கவில்லை.
நான்காம் நாள் மிச்ச டப்பாவைத்
தலையில் சுமந்துபோய்க் கடைக்காரனிடமே கொடுத்துவிட்டு
அடுப்படி அடுப்படியாய்ச் சாம்பல் கேட்டு நடந்தேன்.

இனி முடி.

கல்லில் வைத்து அடித்த நாரைக்
குட்டையில் மிதக்கும் சட்டத்தில்
ஒரு செம்பு ஊற்றி, விரலால் அளைந்து, தூக்குவோம்.
தண்ணீர் கீழே போய்விடும்.
அகப்பட்டதெல்லாம் மேலே தங்கும்:
தும்பு, பைன் ஊசி,
ஒரு தடவை முழுசாய் ஒரு கொசு, காலை நீட்டியபடி.
ஆகவே எங்கள் முடியாகத்தான் இருக்கும் என்று
நானும் முதலில் நினைத்தேன்.

ஆறு தலையையும் வெயிலுக்கு வரச் சொன்னேன்.
கிம்சரா பின்னலை அவிழ்த்துக்கொண்டே
'போலீஸ் கூட இப்படிப் பார்த்ததில்லை' என்றாள்.
ஆறும் கறுப்பு.
என் தலையில் மட்டும் நாலைந்து வெள்ளை.
வட்டத்துக்குள் கிடந்ததோ
சோளக்கதிரின் மீசை நிறம்.

இன்னொன்றும் உண்டு, ஐயா.
தாளுக்குள் போன முடியை எடுக்க முடியாது.
இழுத்தால் தாளும் கிழிந்து கூடவே வரும்.
இது நகம் பட்டதும் எழுந்து வந்தது.
மேலே கிடந்த முடி.
விருந்தாளி முடி.

நாங்கள் சிரித்ததை எழுத்தில் காட்ட முடியாது.
படுத்திருந்த நாய் எழுந்து வேறிடம் போனது.

உங்களுடையதோ,
உங்கள் கிடங்கில் பெட்டி பிரித்த
ஏதோ ஒரு பெண்ணுடையதோ, தெரியாது.
தேட வேண்டாம்.
அவளையும் யாரும் அந்தக் கொக்கியில் மாட்ட வேண்டாம்.

முப்பத்தொன்பது தாளை
பேனி பஜாரின் பத்திர எழுத்தர் வாங்கிக்கொண்டார்.
பூச்சி தொடாத தாள்தான் அவருக்கு முக்கியம்.
காகிதத்தில் முடி இருந்தால்
சாட்சி ஒன்று கூடுதல் என்றார்.

பன்னிரண்டாவதை மட்டும் ஊறப்போட்டேன்.
மறுநாள் சுத்தியால் நாலு தட்டு.
பழையபடி கூழ்.
உங்கள் பென்சில் வட்டம்
இருந்த இடம் தெரியாமல் கரைந்தது.
அந்த முடியையும் உள்ளே போட்டேன்.
ஊற்றினேன், வெயிலில் சாய்த்தேன்,
சாயங்காலம் உரித்தேன்.

நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அந்தத் தாளில்தான்.
என் பெயர் எழுதிய வரிக்குச் சற்றுக் கீழே, இடது ஓரம்.
வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள்.
நகத்தால் முயன்று பாருங்கள்.
வராது.